இல்லாத நோய் குணமான வரலாறு

இவ்வரலாற்றைக் கேட்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் மூன்று.

ஒன்று, அந்த மருத்துவமனையின் மருந்தகத்தில் மாத்திரைப் பெட்டிகள் பெயர்ப்படி அடுக்கப்படுவதில்லை, நிறப்படி அடுக்கப்படுகின்றன. ஆய்வுக்கு வந்த மேலதிகாரி ஒருவர் அலமாரியைப் பார்த்து முகம் சுளித்து, கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது செய்யக்கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றுமுதல் சிவப்புக்கு ஒரு தட்டு, மஞ்சளுக்கு ஒரு தட்டு, நீலத்துக்கு ஒரு தட்டு என்று மருந்துகள் குளிர்ச்சியாக இருந்துவருகின்றன. இரண்டு, அம்மருந்தகத்தில் பிழை நேர்வதில்லை. நேர்ந்ததாக ஒப்புக்கொண்டால் 'பிழையற்ற மருந்தகம்' என்னும் விருது கைநழுவிவிடும் என்பதால் நேர்வதில்லை. மூன்று, நம் தையற்காரருக்கு இருந்தது முழங்கால் வலி மட்டுமே. அது இயந்திரத்தை மிதித்து மிதித்து வந்த வலி. சர்க்கரை நோய் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை மருந்தாளுநர் தெளிவாகவே படித்தார். எழுத்தின்மேல் பழி இல்லை. வலி மாத்திரை நீலப் பெட்டியில் வருவது அவருக்குத் தெரியும்; நீலத் தட்டில் கைவைத்தார்; கைக்கு வந்த பெட்டியைக் கொடுத்தார். அப்போது அவருடைய கவனமெல்லாம் கருநீலப் பெட்டிகளை வெளிர்நீலத்துக்கு இடப்புறம் வைப்பதா வலப்புறம் வைப்பதா என்பதில் இருந்தது.

தையற்காரர் வெறும் வயிற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தார். சட்டைக்குக் கழுத்துப்பட்டி பாதி ஏறியிருந்த நிலையில் வியர்த்தது, கை நடுங்கியது, இயந்திரத்தின் மேலேயே சாய்ந்தார். மனைவி போட்ட கூச்சலில் ஓடிவந்தவர் எதிரிலிருந்த தேநீர்க்கடைக்காரர். அவர் மாத்திரை அட்டையைப் பார்த்தார்.

"இது நான் சாப்பிடற சர்க்கரை மாத்திரையாச்சேக்கா. இவருக்கு எதுக்கு?"

சர்க்கரைத் தண்ணீர் வந்தது. பாதி நினைவோடிருந்தவரை நிமிர்த்தி உட்காரவைத்து மெல்ல மெல்லக் குடிக்கவைத்தார்கள். தெளிந்ததும் தையற்காரர் முதலில் விசாரித்தது, கழுத்துப்பட்டி சுருங்கிவிட்டதா என்பதை.

மனைவி அட்டையோடு மருந்தகத்துக்குப் போனார். மருந்தாளுநர் பெட்டியின் நிறத்தைச் சரிபார்த்துவிட்டு, நீலத்துக்கு நீலம் கொடுத்திருப்பதாகவும் அதற்குமேல் பேச வேண்டுமானால் கண்காணிப்பாளரைப் பார்க்கலாம் என்றும் தெரிவித்தார்.

கண்காணிப்பாளர் பொறுமைசாலி. நிலைமையை முறைப்படி விளக்கினார். இம்மருந்தகத்தில் தவறான மருந்து கொடுக்கப்படுவதில்லை. கொடுக்கப்பட்டது சர்க்கரை நோய்க்கான மருந்து. ஆகவே, பெற்றுக்கொண்டவர் சர்க்கரை நோயாளி.

"அவருக்குச் சர்க்கரையே கிடையாது சார்."

"உங்களுக்குத் தெரியாம இருந்திருக்கும்மா. நாங்கதான் கண்டுபிடிச்சிருக்கோம்."

தையற்காரர் வரவழைக்கப்பட்டார், ஏடுகளில் அவருடைய முழங்கால் வலி அடிக்கப்பட்டுச் சர்க்கரை நோய் எழுதப்பட்டது, இரத்தம் சோதிக்கப்பட்டது. சர்க்கரை மிகக் குறைவாக இருந்தது. இவ்வளவு விரைவில் நோய் கட்டுப்பட்டதைக் கண்டு கண்காணிப்பாளர் மகிழ்ந்து, மாத்திரையைத் தொடரும்படி உத்தரவிட்டார்.

தையற்காரரும் தொடர ஆயத்தமானார். மனைவி அட்டையைப் பிடுங்கி ஒளித்துவைத்தார். கணவர் போய் இன்னொரு பெட்டி வாங்கிவந்தார்.

"அவ்வளவு பெரிய ஆபீசர் சும்மாவா சொல்வாரு? பட்டன் கட்டறவ நீ, உனக்கு என்ன தெரியும்?"

இன்னொரு முறை சாய்ந்தால் எழுவாரா என்பது யாருக்கும் தெரியாது. மனைவி இரவெல்லாம் யோசித்தார். கணவர் கேட்பது அதிகாரியின் சொல்லை. அதிகாரி கேட்பது விருதின் சொல்லை. பொழுது விடிந்ததும் மறுபடியும் போய்க் கைகூப்பி நின்றார்.

"உங்க மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு சொன்னீங்க சார்."

"பிரமாதமா செய்யுது."

"அப்போ அவருக்குக் குணமாயிடுச்சா?"

கண்காணிப்பாளர் தயங்கினார். அந்த நோய் குணமாவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க சார். இவ்வளவு குறைஞ்சும் குணமாகலைன்னா மருந்துலதான் ஏதோ கோளாறுன்னு ஊர்ல பேசுவாங்க."

"குணமாயிடுச்சு" என்றார் கண்காணிப்பாளர்.

"அதை எழுதிக் குடுங்க சார். இனிமே மாத்திரை வேண்டாம்னும் சேர்த்து எழுதுங்க. வாயால சொன்னா அவர் கேக்க மாட்டாரு."

முத்திரையோடு எழுதிக் கொடுக்கப்பட்டது. அதைப் படித்த கணவர், மாத்திரைகளை மனைவி கையிலேயே கொடுத்துவிட்டார்.

பின்னர் முடிவான செய்திகள் வருமாறு:

மருந்தகத்துக்கு விருது கிடைத்தது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தியமைக்காகத் தனிப் பாராட்டும் கிடைத்தது. கருநீலம் இடப்புறமே வைக்கப்பட வேண்டும் எனச் சுற்றறிக்கை வந்தது.

தையற்காரரின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதற்கு மாத்திரை கேட்டபோது, அப்படி ஒரு வலி ஏடுகளில் இல்லை என்று தெரிவிக்கப்பட்டது. மனைவி வெளிக்கடையில், பெயரைப் படித்துப் பார்த்து வாங்கிவருகிறார்.

சான்றிதழைத் தையற்காரர் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அளவெடுக்கும்போதெல்லாம், தாம் சர்க்கரையிலிருந்து மீண்ட கதையை வந்தவர்களுக்குச் சொல்கிறார். கேட்டவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் தங்கள் மருந்தை நிறுத்திவிட்டு, அந்த நீலப் பெட்டிக்காக மருந்தகத்தின் வாசலில் நிற்கிறார்கள். கைக்கு வரும் நீலம் அவர்களுக்கு வழங்கப்படுகிறது. வரிசையில் முதலாவதாக நிற்பவர், அதே மாத்திரையை முன்பே சாப்பிட்டுவந்த தேநீர்க்கடைக்காரர்.

இல்லாத நோய்தான் குணமாயிற்று என்று மனைவி அவரிடம் போய் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் மட்டும் பொழைச்சா போதுமாக்கா?" என்றார் அவர். "மருந்து வாங்காதவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."