ஜெர்மனி போவதற்காக ஏணி ஏறியது

இன்வர்னஸ் நகரத்தில் அத்தானோடும் ஒழுங்காக வெந்நீர் வரும் குழாயோடும் வாழும் ஜெஸ்ஸி அக்காவுக்கு, மலையடிவாரத்திலிருந்து தம்பி ஹெக்டர் பணிவோடு எழுதிக்கொள்வது. நான், என் வீட்டுக்காரி இஷ்பெல், நாய் மூவரும் நலம். மழையும் நலம், ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

விஷயம் இதுதான் அக்கா. அத்தானின் பெரிய தோல் பெட்டி எனக்கு இரவல் வேண்டும். நான் ஜெர்மனிக்கு மான் வேட்டைக்குப் போகிறேன். சிரிக்காதே. முப்பத்து நான்கு வருஷமாக வெளிநாட்டுப் பெரிய மனிதர்களை இந்த மலைமேல் கூட்டிப்போய், சேற்றில் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து மானுக்குப் பக்கத்தில் கொண்டு சேர்த்தவன், முதல்முறையாக நானே விருந்தாளி. கூப்பிட்டவர் நம் ஜெர்மன் டாக்டர் வெய்னர்ட். பன்னிரண்டு வருஷம் என் பூட்ஸைப் பார்த்தபடியே பின்னால் ஊர்ந்து வந்த மனிதர். இப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டதாம். "ஹெக்டர், ஏணின்னா மெதுவா ஏறிடுவேன். ஊர இனிமே முடியாது. நீ இங்க வா, கடைசியா ஒரு தடவை சேர்ந்து போவோம்" என்று எழுதியிருந்தார். படித்ததும், ஆடு கத்துகிறது என்று சொல்லி வெளியே போய் நின்றேன். ஆடு எதுவும் கத்தவில்லை.

கூடவே அந்த ஊர் முறைகள் என்று நான்கு பக்கம். அங்கே ஊர்வதே கிடையாதாம்! ஏணி வைத்து உயரத்தில் பலகை போட்டு, நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் மான் தானாக வருமாம். வருவதற்கு மான் என்ன தபால்காரனா? ஆனால் அடுத்த பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். மான் விழுந்ததும் அதன் வாயில் கடைசிக் கவளமாக ஒரு பச்சை இலைக் கொத்தை வைத்து, எல்லோரும் தொப்பியைக் கழற்றி நிற்பார்களாம். விழுந்த மானைப் பார்த்து நான் இத்தனை வருஷமாகச் சொன்ன ஒரே வார்த்தை, "குதிரையைக் கொண்டா, தூக்கிட்டுப் போகலாம்." வெட்கமாக இருந்தது அக்கா.

கழற்றுவதற்கு நல்ல தொப்பி வேண்டுமே என்று தபாலில் ஒரு பச்சைத் தொப்பி வரவழைத்தேன். அது காதையும் சேர்த்து மூடியது. சரி, உட்காரவாவது பழகுவோம் என்று தொழுவத்துச் சுவரில் ஏணியைச் சாய்த்து, மேலே ஒரு பலகை போட்டேன். முதல் நாள் படி முறிந்து மழைத்தண்ணீர்ப் பீப்பாய்க்குள் விழுந்தேன், இரண்டாம் நாள் தூங்கி விழுந்தேன், மறுபடி அதே பீப்பாய், நாயோ நான் எப்போது ஊரப்போகிறேன் என்று கீழே குப்புறப் படுத்துக் காத்திருந்தது. "முப்பது வருஷத்துல மனுஷன் வீட்டுல உக்காந்து இன்னிக்குத்தான் பாக்குறேன். அதுவும் ஏணி மேல!" என்றாள் இஷ்பெல். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த சபை மூப்பர் அண்ணாந்து பார்த்து, "ஓய்வு நாள்லயா வேட்டை?" என்றார். "துப்பாக்கி எங்க இருக்கு? சும்மா உக்காந்திருக்கேன்" என்றேன். "சும்மா உக்கார எதுக்குய்யா ஏணி?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

அவர் போய் அரை மணி இருக்கும். கோணக்கொம்பன் வந்தான். ஆறு வருஷம் நானும் டாக்டரும் ஊர்ந்து ஊர்ந்து தோற்ற அதே கிழட்டு மான். தோட்டத்துக் கல்சுவரைத் தாண்டி, என் காலுக்கு நேர் கீழே நின்று, இஷ்பெலின் முட்டைக்கோஸைத் தின்ன ஆரம்பித்தான். துப்பாக்கி பூட்டிய அலமாரியில். ஞாயிற்றுக்கிழமை அதைத் தொடுவார் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. அவனுக்கும் கிழமை தெரிந்திருக்கும். இத்தனை காலம் புல்லுக்கு நடுவே ஒரு காது, ஒரு கொம்பு நுனி, கொஞ்சம் முதுகு என்று துண்டு துண்டாகத்தான் மானைப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். மூச்சு ஆவியாகப் போனது. கொம்பில் சேறும் ஒரு கொத்துக் காய்ந்த புல்லும். இவ்வளவு பெரியவனா நீ! அவன் போனபிறகு பார்த்தால் தொப்பி என் கையில் இருக்கிறது. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

"பதினோரு முட்டைக்கோஸு! ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாது?" என்றாள் இஷ்பெல்.

"சர்ச்சுல யாராவது சத்தம் போடுவாங்களா?" என்றேன்.

ஆக, உட்காரப் பழகிவிட்டேன். வியாழக்கிழமை பஸ்ஸில் பெட்டியைக் கட்டாயம் அனுப்பு. உன் முழங்காலும் அத்தான் முழங்காலும் நூறு வயதுவரை மடங்கி நிமிர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி
ஹெக்டர்

பின்குறிப்பு: பெட்டி வேண்டாம். இந்தக் கடிதத்தை இஷ்பெலுக்குப் படித்துக் காட்டினேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "டாக்டரால ஊரத்தானே முடியாது? உக்கார முடியும்ல?" என்றாள். முப்பத்து நான்கு வருஷம் தூரத்து மலையையே பார்த்தவனுக்கு இது தோன்றவில்லை பார். முறிந்த படியை மாற்றி, கைப்பிடி அடித்து, பலகையை இரண்டு பேருக்கு அகலமாக்கிவிட்டேன். டாக்டருக்கும் எழுதிப் போட்டாயிற்று: தொப்பி கொண்டு வாருங்கள், துப்பாக்கி வேண்டாம், சனிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். கோணக்கொம்பன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவான்.