சர்க்கரை தொண்ணூற்றிரண்டு

அம்புரோஸ் வாயில் போடப்போன மாத்திரையை டீக்கடை ஜுபைர் பார்த்துவிட்டார்.

"இன்னா மாத்திரை அது?"

"சக்கரைக்கு பாய்" என்றார் அம்புரோஸ்.

அது மூளைக்கு. உள்ளே செரட்டோனின் என்று ஏதோ ரசாயனம் தகராறு செய்கிறது என்று டாக்டர் கொடுத்தது. "சர்க்கரை வியாதி மாதிரிதான் இதுவும், வெட்கப்பட ஒன்றுமில்லை" என்றும் சொல்லியிருந்தார். அம்புரோஸ் அதில் முதல் இரண்டு வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடுவது அவர் பிழைப்பு. போன மாதம் வஞ்சிரக் கூடை முன்னால் நின்று காரணமே இல்லாமல் அழுதார். மீன்தண்ணி கண்ணில் பட்டதாகச் சமாளித்தாயிற்று. மண்டைக்கு மருந்து என்று தெரிந்தால் அவர் கூறும் விலையை எவன் மதிப்பான்?

அன்றோடு அவர் டீயில் சர்க்கரை நின்றது. மறுநாள் ஜுபைர் வீட்டிலிருந்து பாகற்காய் ஜூஸ் வந்தது. மூன்று நாள் குடித்துப் பார்த்தார்.

"கொறஞ்சிட்ச்சி பாய், ஜூஸு வோணாம்."

"நீ சொன்னா ஆச்சா?" ஜுபைர் தன்னுடைய சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்து, அவர் விரலில் குத்திப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு.

"எனுக்கு இருநூத்தி எம்பதுபா! என் மாத்திரையெல்லாம் கடல்ல போட்றேன். உன் டாக்டர் சீட்டைக் காட்டு."

"சீட்டு தொலஞ்சிட்ச்சி."

"அப்போ மாத்திரைய குடு."

ஜுபைர் அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை உருவிக்கொண்டார். சேதி பரவி, பத்து நிமிஷத்தில் துறைமுகத்துச் சர்க்கரைக்காரர்கள் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். ஜுபைர் நியாயம் பார்ப்பவர். மூத்த நோயாளி என்று மீன் விற்கும் பட்டம்மாளை முன்னால் நிறுத்தி, அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அம்புரோஸ் வரிசைக்குக் குறுக்கே புகுந்தார். நாளைக்கு ஏழு பேரும் மயங்கி விழுந்தால் பாவம் யாருக்கு?

"முழுங்காத யக்கா! அது சக்கரைக்கு இல்ல. எனுக்கு மூளையில கெமிக்கல் பேஜாரு. அது இல்லாங்காட்டி எழுந்துக்கவே தோணாது, அழுவாச்சியா வருது. போதுமா?"

ஏழு பேரும் அவரையே பார்த்தார்கள். வேலை போயிற்று என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

பட்டம்மாள் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே வைத்தாள். பிறகு தன் சுருக்குப்பையிலிருந்து அதே மாதிரி அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"ஏண்டா, அப்போ நான் மட்டும் இன்னா, சக்கரைக்கா மூணு வருசமா இந்த வெறும் டீயக் குடிச்சிகினு கீறேன்?"