மனசு வைத்தால் முடியாதா?

எந்தத் தெருவிலும் ஐந்து வீட்டுக்கு ஒருவர் வீதம் காணக்கிடைக்கும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். ‘மனசு வைத்தால் முடியும்’ மனிதர். கண்டுபிடிப்பது சுலபம். யாராவது தூக்கம் வரவில்லை என்றோ, எடுத்த வேலையை முடிக்க முடியவில்லை என்றோ வாயைத் திறந்தால் போதும், நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எல்லாம் மனசுதாங்க. மனசு வச்சா முடியாதா?" என்பார். முடியாது என்று இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்ல விட்டால்தானே!

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரையே காட்டுகிறேன். என் அக்காவின் கணவர். வீடு கட்டிக் கொடுக்கும் காண்டிராக்டர். நம்மவர் காலையில் வேலைக்குக் கிளம்பும் காட்சியை நீங்கள் பார்க்க வேண்டும். சட்டையில் ஒரு கையை நுழைத்தபடியே செல்போனைத் தேடுவார். தேடப் போன இடத்தில் அளவு டேப்பைப் பார்த்துவிட்டு ஜன்னலை அளக்க ஆரம்பிப்பார். அளந்ததைக் குறிக்கப் பென்சில் வேண்டுமென்று மேஜை டிராயரைக் கவிழ்ப்பார். கவிழ்த்ததில் என்றோ தொலைந்த ஸ்குரு டிரைவர் கிடைத்த சந்தோஷத்தில் அலமாரிக் கதவை இறுக்கப் போவார். கதவு கையோடு வந்துவிடும். அதற்குள் அக்கா செல்போனை அவர் பையில் போட்டு, இன்று யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று வாசல்வரை ஒப்பித்துக்கொண்டே வந்து, அவரை வண்டியில் ஏற்றிவிட்டு, திரும்பிப் போய்க் கதவைச் சுவரோரம் சாய்த்து வைப்பாள்.

"பாத்தியா, கரெக்ட் டைம்!" என்று கை அசைத்துவிட்டுப் போவார் நம்மவர்.

ஆபீஸில் அக்கா இல்லை. அங்கே ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார். நம்மவர் சத்தியம் செய்து கொடுத்த தேதிகளையெல்லாம் பின்னாலேயே போய் மாற்றிப் பேசிவருவது அவர் வேலை. நம்மவர் வீட்டுக் குளியலறையில் மட்டும் டைல்ஸ் பாதிச் சுவரோடு நிற்கிறது. மீதியை ஒட்டாததற்கு இவர் சொல்லும் காரணம் வருஷா வருஷம் மாறும். சுவர் மாறாது.

இவருக்கு ஒரு மகள். அப்பாவை அச்சில் வார்த்த மாதிரி. வேறு ஊரில் ஒற்றை அறையில் தங்கி, ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் ஒருநாள் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்த நேரத்தில், இரண்டு பேருடைய ரத்த மாதிரிக் குழாய்களில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் கவனித்ததால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஏற்கெனவே ஒருமுறை எச்சரிக்கை வாங்கியிருந்தாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைக்கு வரவேண்டாம்மா," என்றுவிட்டார் மேலதிகாரி.

அழுது முடித்த பிறகு அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். தானாகவே மனநல டாக்டரிடம் போனாள். ஏடிஹெச்டி என்கிற கவனக் குறைபாடாக இருக்கலாம், பெரியவர்களிலும் நிறையப் பேருக்குத் தெரியாமலே இருக்கிறது, வைத்தியம் உண்டு என்றார் டாக்டர். இருந்தால் சின்ன வயதிலேயே இருந்திருக்க வேண்டும்; அதனால் வளர்த்தவர்களை ஒருமுறை அழைத்து வரச் சொன்னார்.

நம்மவர் காதுக்கு இது போனது.

"சோம்பேறித்தனத்துக்கு டாக்டர்கிட்ட போய்ப் பேரு வச்சுக்கிட்டு வந்திருக்கா! மாத்திரை தின்னா புத்தி வருமா? நானே வந்து அந்த டாக்டருக்கு நாலு வார்த்தை சொல்றேன்!"

சொல்லப் போனார். அக்காவும் போனாள். கார் ஓட்ட நான். மகள் அங்கே எங்களுக்காகக் காத்திருந்தாள்.

டாக்டர் அதிகம் பேசாத அம்மாள். "சின்ன வயசுல இவங்க ஒரு இடத்துல உட்கார்ந்து..." என்று ஆரம்பித்தார். கேள்வி முடியவில்லை, பதில் முடிந்துவிட்டது. "எந்தப் பிள்ளைங்க டாக்டரம்மா உட்காருது?" என்ற நம்மவர் எழுந்தே விட்டார். "இந்தச் சுவர்ல ஈரம் ஏறுது பாருங்க. யாரு கட்டினது?"

"பொருளெல்லாம் தொலைப்பாங்களா?"

"தொலைக்காத ஆளு யாரு? நான் கல்யாணத்தன்னிக்கே செருப்பைத் தொலைச்சவன்!"

"ஆரம்பிச்ச வேலையைப் பாதியில..."

"அது பரம்பரை! எங்கப்பா அப்படி, நான் அப்படி. நான் என்ன மாத்திரையா தின்னேன்? தொழில் பண்ணல? குடும்பம் நடத்தல? மனசு வச்சா முடியாதா?"

தன் நோயைத் தானே வரிசையாக ஒப்பித்து, அது நோயே இல்லை என்பதற்கு அதையே சாட்சியாக நிறுத்திய மேதையை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்தது. மகளைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. தலையைக் குனிந்தபடி கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா சொல்றது சரிதான் போல டாக்டர். அவரால முடிஞ்சிருக்கு. எனக்குத்தான் துப்பு இல்ல. நான் கிளம்புறேன்."

"உட்காரு," என்றாள் அக்கா. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை. "டாக்டர், இவருக்குக் காலையில எழுப்பி விடறதுல இருந்து, யாருக்கு என்ன சொன்னோம்னு ஞாபகப்படுத்தற வரைக்கும் நான் இருக்கேன். இவரு மனசு வைக்கல. நான் வச்சேன். அந்த ரூம்ல இவளுக்கு யாரு இருக்கா?"

நம்மவர் என்ன செய்தார் என்கிறீர்களா? ஈரச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழவே இல்லை.

மீதிக் கேள்விகளுக்கெல்லாம் அக்காதான் பதில் சொன்னாள். மகளுக்கு வைத்தியம் ஆரம்பமானது. மாத்திரை ஒரு பக்கம். செல்போனை வெளியே பூட்டிவைப்பது, மேஜையில் ஒரே ஒரு குழாய்த் தட்டு, லேபிளை வாய்விட்டுப் படித்த பிறகே ஒட்டுவது என்று டாக்டரோடு உட்கார்ந்து அமைத்துக்கொண்ட ஏற்பாடுகள் ஒரு பக்கம். எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். போன வாரம்கூடக் குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டாள். ஆனால் அதன்பிறகு எந்தக் குழாயும் மாறவில்லை, வேலையும் போகவில்லை. "நான் சோம்பேறி இல்ல மாமா," என்று போனில் சொன்னாள். இத்தனை வருஷம் அவளை அப்படி நம்பவைத்த மனிதர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்த மனிதரையும் ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னார் டாக்டர். அக்கா நாளும் வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்கென்று பார்த்து நம்மவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். தொட்டி இப்போது முழங்கால் உயரத்தில் நிற்கிறது. அதன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார்: "என் பொண்ணைப் பாருங்க. மனசு வச்சா. முடிஞ்சுதா இல்லையா?"

நீங்கள் இந்நேரம் சிரித்துவிட்டு, ‘எங்க சித்தப்பா அச்சு அசலா இப்படித்தான்’ என்று யாரிடமாவது சொல்ல எழுந்திருப்பீர்கள். தாராளமாகப் போய்ச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். கடைசியாக நீங்கள் ஒருவருக்கு, ‘கொஞ்சம் மனசு வை, எல்லாம் சரியாயிடும்’ என்று புத்தி சொன்னீர்களே, அந்த நேரத்தில் உள்ளே கட்டிலுக்கடியில் குனிந்து உங்களுக்காக எதையோ தேடிக்கொண்டிருந்தது யார்?