இடது பக்கம் இழுத்த முனி

எழுபத்து நாலாம் வருஷம் சித்தூர்ப் பக்கத்து லாரிக்காரர்களுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. டீசல் விலை ஏறிக்கொண்டே போனதே, அதுவா? இல்லை. ரோடெல்லாம் பள்ளமாகக் கிடந்ததே, அதுவா? அதுவும் இல்லை. முனி கோபித்துக்கொள்ளக் கூடாதே என்பதுதான் கவலை.

அவருக்கு இழுப்பு முனி என்று பெயர். சித்தூரிலிருந்து திருப்பதி போகிற ரோட்டில் பாதி தூரத்தில் ஒரு மேடு. மேட்டின் இடது ஓரத்தில் ஒரு கல். அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, மூன்று கண் வரைந்து, பக்கத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தார் இழுப்புசாமி. அதற்கு முன் கங்காதர நெல்லூர்ச் சந்தையில் மூட்டுவலித் தைலம் விற்றவர். வாங்கியவர்களுக்கு வலி போகவில்லை. அவர்தான் போய்விட்டார்.

முனியின் மகிமையைக் கண்ணாலேயே பார்க்கலாம். சித்தூர்ப் பக்கமிருந்து வருகிற வண்டியை மெல்ல உருட்டச் சொல்வார் சாமி. ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கச் சொல்வார். வண்டி தானாக இடது பக்கம் சாய்ந்து கல்லை நோக்கிப் போகும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம். பூசை முடிந்ததும் அதே வண்டியை ரோட்டின் நட்டநடுவில் உருட்டச் சொல்வார். நடுவில் போகிறவனை முனி தொடமாட்டாராம். வண்டியும் நேராகப் போகும். வெள்ளிக்கிழமைகளில் லாரி வரிசை பர்லாங்கு கணக்கில் நின்றது. வெதுருகுப்பத்திலிருந்து மாட்டுவண்டிகள்கூட வந்தன. மாட்டுவண்டிக்கு ஸ்டீரிங் ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பது என்கிற கெட்ட பழக்கம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கிடையாது.

பாலசமுத்திரத்துத் தணிகாசலம் சாமியின் முதல் வரிசைப் பக்தர். வெல்ல வியாபாரி. சொந்தமாக ஒரு லாரி. லாரியை நிறுத்தச் சித்தூரில் புது ஷெட் கட்டினார். கொத்தனார் வாசலை நாலு விரல் தாழ்வாக வைத்துவிட்டான். லாரி உள்ளே போகவில்லை. மூளையுள்ள மனிதன் வாசலை உயர்த்துவான். தணிகாசலம் சாமியிடம் போனார். அந்த வாசல் நிலைச்சட்டத்தில் லட்சுமி குடியிருக்கிறாள், இடித்தால் வம்சம் தழைக்காது, வண்டியைத் தாழ்த்து என்று வாக்கு வந்தது. லாரியின் நாலு பக்கமும், பாரம் தாங்கும் கமான் பட்டைகளில் இரண்டிரண்டை உருவி எடுத்தார்கள். லாரி குனிந்தது. ஷெட்டுக்குள் நுழைந்தது. தணிகாசலம் தேங்காய் உடைத்தார்.

அன்றிலிருந்து லாரி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது.

டிரைவர் நேசகுமார் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர். பன்னிரண்டு வருஷமாக அந்த லாரியை ஓட்டியவர். முன் டயர்கள் இரண்டே மாதத்தில் அரம் போட்டு ராவினாற்போல் தேய்ந்தன. பட்டையை எடுத்த பிறகுதான் இந்தக் கோளாறு என்று முதலாளியிடம் மூன்று தடவை சொன்னார். முதலாளி மூன்று தடவையும் சாமியிடம் போனார். முதலில் ஒரு பூசணிக்காய், பிறகு ஏழு, பிறகு ஒரு கறுப்புச் சேவல். லாரி மட்டும் இழுப்பை விடவில்லை. ஒருநாள் குறுக்கே வந்த எருமைக்காக நேசகுமார் பிரேக்கை மிதிக்க, லாரி இடது பக்கம் பாய்ந்து கரும்புக்காட்டில் இறங்கியது. அவர் நெற்றியில் நாலு தையல் விழுந்தது.

இப்போது சாமிக்கு நோய் தெளிவாகத் தெரிந்துவிட்டது. டிரைவர் ஏசு கோயில் ஆள், முனிக்கு ஆகவில்லை, ஆளை மாற்று என்றார். புது டிரைவரும் ஞானதிருஷ்டியில் தெரிந்தான். சாமியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி.

அடுத்த வாரம் திருப்பதியில் தணிகாசலத்தின் மகள் அலர்மேல்மங்கைக்குக் கல்யாணம். சொந்தக்காரர்கள் நாற்பது பேரும் அதே லாரியில் போவதாக ஏற்பாடு. முனிக்குக் கடைசிப் பூசை போட்டுவிட்டு, புது டிரைவர் ஓட்டுவான்.

சேதி கேட்டதும் நேசகுமார் வீட்டுக்குப் போனார்.

"வேல போனா போவுது தபீதா," என்றார் மனைவியிடம். "நாப்பது பேரு ஏறிக்கினு போவாங்க. எறக்கத்துல அவன் ஒரு மிதி மிதிச்சான்னா வண்டி கவுந்துடும்."

தபீதாள் மிஷன் பள்ளியில் தையல் டீச்சர்.

"ஜாக்கெட்டு ஒரு பக்கம் இழுத்துக்கினா நாங்க மந்திரிக்கிறதில்ல," என்றாள். "ரெண்டு பக்கமும் அளந்து பாக்குறோம். நீ அளந்தியா?"

நேசகுமார் அளக்கவில்லை. லாரியின் சாவியை அதற்குள் பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மேட்டில் நல்ல கூட்டம். கல்யாணப் பெண்ணும் வந்திருந்தாள். உடுக்கை அடித்துக்கொண்டிருக்கும்போதே தபீதாள் லாரியின் வலது பக்கம் போய்க் குந்தினாள். முன் சக்கரத்தின் நடுவில் நேசகுமார் ஒரு கயிற்று முனையைப் பிடித்தார். அவள் பின் சக்கரத்தின் நடு வரைக்கும் அதை இழுத்து முடிச்சுப் போட்டாள். அதே கயிற்றை இடது பக்கம் பிடித்தார்கள். தொய்ந்து தொங்கியது. மிச்சத்தை இஞ்சு டேப்பால் அளந்தாள். இரண்டரை இஞ்சு. இடது முன் சக்கரம் அவ்வளவு தூரம் பின்னால் நகர்ந்திருந்தது.

உடுக்கை நின்றது. சாமி லேசுப்பட்டவரா? முனிதான் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளினார் என்றார். கூட்டம் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தபீதாள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"சரி சாமி. இழுக்கிறது முனிதானே? அப்ப திருப்பதிப் பக்கமிருந்து வந்தாலும் வண்டி இந்தக் கல்லுக்குத்தானே வரணும்? ஒரு தபா அப்பிடி உருட்டிப் பாக்கலாம்."

அந்தத் திசையிலிருந்து வருவது அப்பிரதட்சணம், ரத்தம் கக்கிச் சாவான் என்றார் சாமி. தணிகாசலமும் வேண்டாம் என்று தலையாட்டினார். அப்போதுதான் அலர்மேல்மங்கை வாயைத் திறந்தாள். அவள் தபீதாளிடம் தையல் படித்தவள்.

"அத்தப் பாக்காம நா இந்த வண்டில ஏற மாட்டேன் நைனா. கல்யாணம் நின்னாலும் சரி."

தணிகாசலம் சாமியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சாவியை நேசகுமாரிடம் நீட்டினார்.

நேசகுமார் லாரியைக் கொண்டுபோய்த் திருப்பி, மேட்டின் மேல் மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். லாரி இடது பக்கம் சாய்ந்தது. கல் இப்போது வலது பக்கம் இருந்தது. லாரி முனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர் ஓரத்துப் புளியமரத்தை நோக்கிப் போய் நின்றது.

வரிசையில் நின்ற இன்னொரு லாரிக்காரருக்கும் ஆசை வந்தது. அவரும் அந்தப் பக்கமிருந்து உருட்டினார். புளியமரம்தான். மழைத்தண்ணீர் வழிய ரோட்டை நடுவில் உயர்த்தி இரண்டு ஓரமும் சாய்த்திருக்கிறார்கள், கையை விட்டால் எந்த வண்டியும் ஓரத்துக்குத்தான் போகும், நடுவில் விட்டால் நேராகத்தான் போகும் என்று நேசகுமார் சொன்னார். அவர் ரத்தம் எதுவும் கக்கவில்லை.

முனி புளியமரத்துக்குக் குடிபோய்விட்டார் என்றார் சாமி. நாலைந்து பேர் நிஜமாகவே கற்பூரத்தோடு ரோட்டைக் கடந்தார்கள். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவர்கள் பாதி ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள். யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றினார். மஞ்சள் கரைந்தது. மூன்று கண்ணும் கரைந்தன. உள்ளே திருப்பதி இத்தனை மைல் என்று தெலுங்கில் எழுதியிருந்தது.

நேசகுமார் லாரிக்கு அடியில் படுத்து முதலாளியையும் குனியச் சொன்னார்.

"பட்டைய உருவினதும் கட்டு மெலிசாயிடுச்சி மொதலாளி. பட்டையையும் ஆக்சிலையும் சேத்துப் புடிக்கிற இந்தப் போல்ட்டுல மரை தீந்துபோச்சி, இறுகல. அதான் ஆக்சிலு ஒரு பக்கம் பின்னால நழுவிக்கினு வந்துடுச்சி. ஆக்சிலு கோணினா சக்கரம் கோணும். சக்கரம் கோணினா வண்டி இழுக்கும்."

தணிகாசலம் அந்தப் போல்ட்டைத் தானே தொட்டுத் திருகிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. மகளை இந்த வண்டியில் ஏற்றவிருந்தேனே என்று மட்டும் சொன்னார். சாமியைத் தேடினார்கள். அவர் மச்சானோடு காளஹஸ்தி பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தார்.

கல்யாணத்துக்கு வாடகை பஸ் பேசினார்கள். கொத்தனார் ஒரே காலையில் ஷெட் வாசலை இடித்து உயர்த்தினான். தழைக்காது என்ற வம்சத்தில் அடுத்த வருஷமே இரட்டைப் பேரப்பிள்ளைகள். பட்டைகள் பழையபடி ஏறின. நேசகுமார் பழையபடி ஓட்டினார்.

இழுப்புசாமி இப்போது புத்தூர்ப் பக்கம் கிணற்றுக்குத் தண்ணீர் பார்த்துச் சொல்கிறாராம். அங்கேயும் வெள்ளிக்கிழமை கூட்டமாம். அவரைத் திட்டி என்ன செய்வது? வாங்க ஆள் இருக்கிறவரைக்கும் விற்கிறவன் விற்பான். கும்பிடக் குனிகிற தலையைக் கொஞ்சம் யோசிக்கவும் பயன்படுத்திப் பாருங்கள் ஐயா. தேய்ந்துபோகாது.