மாப்பிள்ளை வேலி தாண்டிய விவகாரம்

இடைசெவல்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

கயத்தாறு கடைத்தெருவில் தராசு முள்ளும் சொன்ன சொல்லும் ஒருநாளும் சாயாத, மதிப்பிற்குரிய சம்பந்தி அத்தான் சௌந்தரபாண்டியன் அவர்களுக்கு, இடைசெவல் ராமசுப்பு பணிவோடு எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை முறையாகிய வேலுத்தாயும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் இல்லை. தங்கள் சுகத்தையும் அமுதவள்ளி அக்கா சுகத்தையும் போனில் விசாரிக்கலாமென்று வெள்ளிக்கிழமையிலிருந்து அடித்துப் பார்க்கிறேன். மணி போகிறது, ஆள் எடுக்கவில்லை. ஆகவே இந்தத் தபால். கிழிப்பதானாலும் வாசித்துவிட்டுக் கிழிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமாகிய கிருஷ்ணகுமார் பெங்களூரில் ஐஸ்வர்யாவோடு நல்லபடியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார். அவர் எந்த வேலியையும் தாண்டவில்லை. எந்தப் பெண்ணின் பின்னாலும் போகவில்லை. மாப்பிள்ளையின் காலைக் கட்டிப்போட வேண்டும், சந்தையில் தள்ளிவிட வேண்டும் என்று நானும் வேலுத்தாயும் பேசியதைத் தாங்கள் காதால் கேட்டது நிஜம். ஆனால் அது சேவலைப் பற்றிய பேச்சு.

தீப்பெட்டி ஆபீஸ் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன் அல்லவா? ஊருக்கு மேற்கே எங்கள் புஞ்சையைத் தாங்கள் கல்யாணத்துக்கு முந்தி வந்து பார்த்திருக்கிறீர்கள். உழவுக்கு ஆள் இல்லாமல் போட்டுவைத்ததில் வேம்பும் மஞ்சணத்தியும் விடத்தலையும் இலந்தையும் தன்னால் முளைத்து, இப்போது உள்ளே போனால் வெயில் தரையில் விழாது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடச் சொல்லி ஆளாளுக்குச் சொன்னார்கள். மாப்பிள்ளைதான், நான் சொல்வது மனுச மாப்பிள்ளை, "மாமா, மரத்த வெட்டாதீங்க, அதுக்குள்ள நாட்டுக்கோழிய விடுங்க. கரையானும் பூச்சியும் தின்னு தன்னால வளரும்"ன்னு சொன்னார். சரி, மாப்பிள்ளை சொல்லைத் தட்டக்கூடாதே என்று வேலியடைத்து, மூங்கில் கம்பு வரிசையாகக் கட்டி ஒரு கொட்டகையும் போட்டு, இளங்கோழிகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்கினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பொழுது அடையவும் கொட்டகைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கல்யாண வாசலில் வரவேற்க நிற்கிறவன் மாதிரி நின்றேன். ஒரு கோழி உள்ளே வரவேண்டுமே! அத்தனையும் விறுவிறுவென்று வேப்பமரத்தில் ஏறிக்கொண்டன. நான் கீழே நின்று கூப்பிட, அவை மேலேயிருந்து என் தலையில் எச்சம் போட, வேலுத்தாய்க்கு மோட்டார் ரூம் படியில உக்காந்து சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கொட்டகையில தெருநாய்தான் படுத்துருக்கு, மூங்கில் கம்புக்குக் கீழ, ராசா மாதிரி.

முட்டையாவது வச்ச எடத்துல போடுமான்னு பாத்தா அதுவும் இல்ல. வைக்கோல் போட்டுப் பெட்டி வச்சேன். ஒண்ணும் அது பக்கம் எட்டிப் பாக்கல. எல்லாம் விடத்தலைப் பொதருக்குள்ள போயி முட்டைவிட்டுட்டு வெளிய வந்து, ஊருக்கே கேக்குத மாதிரி கேறுது. நான் மண்ணுல படுத்து நெஞ்சால ஊர்ந்து உள்ள போகணும். போன மாசம் அப்படிப் போயி முட்டைன்னு நெனச்சுக் கைய நீட்டுனா, ஒரு சாரைப்பாம்பு எனக்கு முந்தியே வந்து முழுங்கிக்கிட்டு இருக்கு. நான் போன வேகத்த விடத் திரும்பி வந்த வேகம் சாஸ்தி. சட்டைதான் உள்ளயே தங்கிருச்சு. இதுக்கு நடுவுல ஒரு மயில் வந்து சேந்துருக்கு. இரை போடுதப்ப கோழியோட கோழியா நின்னு திங்கும். கையத் தட்டி வெரட்டுனா கோழி பூராம் ஓடிரும், மயில் மட்டும் நின்னு என்னைய ஒரு பார்வை பாக்கும்.

சரி, விசயத்துக்கு வாரேன். ஐப்பசி மழை பேஞ்சுதுல்லா, கரிசல் மண்ணப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கோழிக் காலுல மண்ணு உருண்டை உருண்டையா ஒட்டி, ஒவ்வொண்ணும் பூட்ஸ் போட்ட போலீஸ்காரர் மாதிரி நடக்குது. அப்படியே காஞ்சா வெரலு போயிரும்னு சொன்னாவ. அதனால வெந்நி வச்சு, ஒவ்வொரு கோழியாப் புடிச்சுத் தாம்பாளத்துல நிறுத்திக் காலக் கழுவுனேன். பெரிய சேவல் ஒண்ணு உண்டு, செவலை நிறம், வாலு அருவி மாதிரி தொங்கும். அது மட்டும் நெஞ்ச நிமித்தி, ஒரு காலக் கழுவி முடிச்சதும் மறு காலத் தானா எடுத்து வச்சுது. அதப் பாத்துட்டு வேலுத்தாய், "கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளைக்குக் கால் கழுவி விட்டியள்லா, அதே மாதிரி இருக்கு"ன்னா. அன்னைக்கே அந்தச் சேவலுக்கு மாப்பிள்ளைன்னு பேராயிருச்சு. கிருஷ்ணகுமாருக்கே தெரியும். வீடியோவுல ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாவ. ஐஸ்வர்யாவுக்கு அந்தச் சேவல்னா உசுரு.

இந்த மாப்பிள்ளைக்கு இருக்க எடத்துல இருக்க முடியாது. தினமும் வெள்ளெனவே வேலியத் தாண்டிப் பக்கத்துக் காட்டு சுகுணா வீட்டுக்குப் போயிரும். சுகுணாவும் கோழி வளக்கா. அவ ஒரு நாள் கோவில்பட்டியில இருந்து கயத்தாறு பஸ்ஸுல போகையில, அவ தங்கச்சிகிட்ட போனுல சத்தமாப் பேசியிருக்கா: "வேலுத்தாயக்கா மாப்பிள்ளையால பெரிய தொந்தரவாப் போச்சுட்டி. விடிஞ்சும் விடியாம வந்துருதாரு. எங்க வீட்டுப் பொட்டைய நிம்மதியா இருக்க விடமாட்டேங்காரு. மாமனார்கிட்டச் சொன்னா, வயசு அப்படின்னு சிரிக்காரு." அவ மேல தப்பு சொல்ல முடியாது அத்தான், சேவலத்தான் சொன்னா. பக்கத்து சீட்டுல உங்க கடைக்குச் சாமான் வாங்க வார ஆளு உக்காந்துருந்தா அவ என்ன செய்வா?

அந்த ஆளு சொன்னதக் கேட்டு, மகன் உங்களுக்குத் தெரியாம பெங்களூர்ல இருந்து இங்க வந்து கெடக்காருன்னு நெனச்சு, வெள்ளிக்கிழமை நீங்களும் அக்காவும் ஆட்டோவுல வந்து எறங்குனது எங்களுக்குத் தெரியவே தெரியாது. நான் பொதருக்குள்ள கெடக்கேன், முட்டை எடுக்க. வேலுத்தாய் வேலியோரம் நின்னு, "மாப்பிள்ளைய இன்னைக்கு விடக்கூடாது, காலக் கட்டிப்போட்டாத்தான் சரிப்படுவாரு"ங்கா. நான் உள்ள இருந்தே, "கட்டிப்போட்டா மட்டும் அடங்குவாரா? பேசாம சந்தையில தள்ளிட்டு வேற நல்லதாப் பாத்துக்கிடுவோம்"ன்னேன். அவ, "ஐஸ்வர்யா அழுவாளே"ன்னா. நான், "ரெண்டு நாள் அழுவா, அப்புறம் மறந்துருவா"ன்னேன். சொல்லிட்டு முள்ளு வெட்டுத அரிவாளோட பொதருக்குள்ள இருந்து வெளிய வந்தா, முன்னால நீங்க நிக்கிய.

"நல்லாருக்கு ஓய், உங்க குடும்பம்"ன்னு ஒரு வார்த்தை சொன்னிய. அக்கா கையப் புடிச்சு ஆட்டோவுல ஏத்திட்டுப் போயிட்டிய. நான் "அத்தான், அத்தான்"ன்னு கத்திக்கிட்டே ரோடு வரைக்கும் பின்னால ஓடியாந்தேன். ஆட்டோ ஏன் அவ்வளவு வேகமாப் போச்சுன்னு எனக்கு அப்பம் வெளங்கல. வீட்டுக்கு வந்த பெறகுதான், அரிவாள நான் கையில இருந்து கீழ போடவே இல்லன்னு வேலுத்தாய் சொன்னா.

அன்னையில இருந்து அவ சரியாச் சாப்பிடல. ஐஸ்வர்யா போனப் போட்டு ஒரே அழுகை. மாமனார் நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு, அத்தை முகத்துல எப்படி முழிப்பேன்னு கேக்கா. மாப்பிள்ளை போன வாங்கி மொதல்ல சிரிச்சாரு. அப்புறம், "அப்பா கோவமா இருந்தா யார் பேச்சையும் கேக்க மாட்டாவ மாமா. ஆனா கடை விலாசத்துக்கு வார தபால எடுத்து வச்சு ஒரு எழுத்து விடாம வாசிப்பாவ, நீங்க எழுதுங்க"ன்னாரு. அதனாலதான் விடியவும் உக்காந்து எழுதுதேன்.

உள்ளதச் சொல்லணும்னா, இந்தக் கோழிய விட எனக்கு மனசில்ல. அதுக கெளறிக் கெளறி, மரத்தடி மண்ணு மாவு மாதிரி ஆயிருச்சு. செத்துப்போச்சுன்னு நெனச்ச மஞ்சணத்தி ரெண்டு மறுபடி தளுத்துருக்கு. இத்தன வருசமா நான் வேலைக்குப் போவேன், அவ சோறாக்குவா, ரெண்டு பேரும் ஒக்காந்து பேசுனது கொஞ்சம். இப்பம் காலையில இருந்து எந்தக் கோழி எந்தப் பொதருக்குள்ள போச்சுன்னு பேசிக்கிட்டே இருக்கோம். ஆனா எங்க புள்ளைக்கு இதனால ஒரு சொல் வந்துரக்கூடாது அத்தான். எங்களுக்கு உங்க உறவுதான் பெருசு. அதனால வேலுத்தாயும் நானும் பேசி முடிவு பண்ணியாச்சு: சேவல் உள்பட எல்லாக் கோழியையும் வார சந்தையில குடுத்துட்டு, வேலியப் பிரிச்சுருதோம். இனிமே எங்க காட்டுல மாப்பிள்ளைங்கிற சொல்லு தங்கள் மகன் ஒருத்தரைத் தவிர யாரையும் குறிக்காது. இது உறுதி.

தாங்கள் மனமிறங்கி ஒரு தடவை போனை எடுத்தால், பேசக்கூட வேண்டாம், எங்களுக்குப் போதும். கடை செழிக்கவும், அக்காவின் முட்டுவலி தீரவும், பிள்ளைகள் இருவரும் நம் இரு வீட்டுக்கும் சிரித்த முகமாக வந்து போகவும் வேண்டிக்கொண்டு, 

என்றும் தங்கள் உறவை மறவாத,
ராமசுப்பு.

பின்குறிப்பு: கவரில் பசை தடவிக்கொண்டிருக்கையில் வாசலில் செருப்புச் சத்தம். பார்த்தா அமுதவள்ளி அக்கா! கடம்பூருக்கு அவிய தங்கச்சி வீட்டுக்குப் போறதா உங்ககிட்டச் சொல்லிட்டு, போளிப் பொட்டலத்தோட இங்க வந்து எறங்கிட்டாவ. நேத்தே மகன்கிட்டப் பேசி எல்லாம் தெரிஞ்சுக்கிட்டாவளாம். "உங்க அத்தானுக்கும் நேத்தே வெளங்கிருச்சு தம்பி. வெளங்குனத ஒத்துக்கிட வெக்கமாருக்கு, அதான் போன எடுக்கல"ன்னாவ. நேரா தோப்புக்குள்ள போயி சேவலப் பாத்தாவ, நின்னு பாத்தாவ, "எம்மவன விட இதுக்கு நடை லெச்சணமா இருக்கு"ன்னாவ. சந்தை, வேலியப் பிரிக்கது எல்லாம் மேலே எழுதிருக்கேன்லா, அத ஒண்ணையும் கணக்குல எடுத்துக்கிட வேண்டாம். எழுதுன எனக்கே அக்காகிட்ட நல்ல ஏச்சு கெடச்சுது. கயத்தாத்துல உங்க புளியந்தோப்பு சும்மாதான கெடக்குன்னு, பாதிக் கோழிய அங்க கொண்டுபோகப் போறாவ. வேலி அடைக்க ஆளுக்கும் சொல்லியாச்சு. இங்கன ரெண்டு மூணு நாள் இருந்து கோழி வளக்கப் பழகிட்டுத்தான் வருவாவளாம். போன எடுக்காதவியளுக்குத் தபாலே போதும்னு இதையும் சேத்து எழுதச் சொன்னது அவியதான். வீட்டுச் சாவி மருந்துக்கடையில இருக்காம். தோசைமாவு நேத்து ஆட்டுனதே பிரிட்ஜுல இருக்காம். சட்னி நீங்கதான் அரைச்சுக்கிடணும் அத்தான்.