சத்தியத்துக்கு ஒரு புதுப் போன்

சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதில் எனக்கு நிகர் நானே. குருவிகுளம் யூனியன் ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்கு வேறு என்ன தெரியும்?

ஓட்டை தேவைப்பட்டது என் சொந்தச் சத்தியத்துக்கு. மகள் சண்முகப்ரியா எங்களிடம் சொல்லாமல் கோயம்புத்தூரில் கல்யாணம் செய்துகொண்டு, போட்டோவைப் போனில் அனுப்பினாள். அந்தப் போனை ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் எரியும் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தேன். “இந்தப் போன்ல இனி அவ முகத்தைப் பாக்க மாட்டேன்!” மனைவி கோமதித்தாய்க்கும் உத்தரவு போட்டேன், பேசக்கூடாதென்று. “சரிங்க” என்றாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் உடனே சரி சொன்னது அந்த ஒரு தடவைதான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. பேத்தி பிறந்து ஒன்றரை வருஷமாகிறது. அனு என்று பெயராம், அதுவும் ஊரார் சொல்லித்தான் தெரியும். அந்தப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும் என்றிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொல்ல வெட்கம்.

அப்போதுதான் ஓட்டை புலப்பட்டது. சத்தியம் ‘இந்தப் போனுக்கு’. வேறு போன் என்றால்?

சிம் கம்பெனி ஷோரூமில் போர்டு வைத்திருந்தார்கள், ஒரு வருஷ ரீசார்ஜுக்கு ஸ்மார்ட்போன் இலவசம் என்று. வாங்கி வந்தேன்.

“எதுக்குங்க இன்னொண்ணு?”

“சும்மா குடுக்கான். வேண்டாம்னா சொல்லச் சொல்லுத?”

“நல்லாருக்கு, வச்சுக்கிடுங்க” என்றாள் கோமதித்தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மொட்டைமாடிக்குப் போய் வீடியோ கால் போடப் பார்த்தேன். ‘இந்தப் போனில் இது இயங்காது’ என்று எழுத்து வந்தது. ஷோரூமுக்கு ஓடினேன். கவுண்டரில் கோகிலா என்ற பெண்.

“இது ஏழு வருஷத்துக்கு முந்தின மாடல் சார். வீடியோ கால் இதுல வராது.”

“அப்ப எதுக்கும்மா ஸ்மார்ட்போன்னு போட்டிருக்கிய?”

“வந்த புதுசுல ஸ்மார்ட்டுதான் சார்.”

“வந்த புதுசுல நானும்தான்!”

மாற்றித் தந்தாள். அதே மாடல், வேறு கலர். மூன்று நாள் காலையில் போய்ச் சண்டை போட்டேன். நாலாம் நாள் பொறுக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டேன்.

“கம்பெனி நம்ம ஊருக்கு இதைத்தான் சார் அனுப்புது. நான் என்ன செய்ய? யார்ட்ட பேசணும் சார், அவ்வளவு அவசரமா?”

அறுபத்தொரு வயசில், தேரடி வெயிலில், அந்த இலவசப் போனைப் பையில் போட்டுக்கொண்டு அழுதபடி நடந்தேன்.

வீட்டுக்குள் குழந்தைச் சத்தம். கோமதித்தாய் தன் போனை முகத்துக்கு நேரே பிடித்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, எத்தனை நாளா இது?”

“பிள்ளை பொறந்த அன்னையிலருந்து.”

“நான் சத்தியம் பண்ணினேனே!”

“உங்க போனுக்குத்தானே பண்ணினிய. என் போன் கற்பூரம் அடிக்கலையே.”

மூன்று வருஷமாகத் தேடிய ஓட்டை அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். “அப்பா...” என்றாள் சண்முகப்ரியா. குரல் உடைந்துவிட்டது. அவள் மடியில் அனு. அப்படியே என் அம்மா ஜாடை. “மக்கா, தாத்தா பாரு” என்றேன். பிள்ளை மிரண்டுபோய் வீறிட்டு அழுதது.

சொந்தப் பேத்திக்கு நான் அந்நியன்.

“என்னைத் தெரியலையே அதுக்கு...”

“தெரியாம என்ன? தெனமும் மத்தியானம் நீங்க அசந்து தூங்கும்போது உங்களைக் காட்டுதேன்லா” என்றாள் கோமதித்தாய். “கட்டில்ல படுத்துக் கண்ணை மூடுங்க. அப்பத்தான் பிள்ளைக்கு உங்களை அடையாளம் தெரியும்.”