மண் அழுத கதை

மண்ணின் அழுகையைக் காதால் கேட்கும் மகான் வந்து மடம் போட்டிருக்கிறார் என்று ஊரே திரண்டது. பேருந்துக் கூரையில் தொற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஆளுக்கொரு பை மண். மகான் ஒரு பிடி அள்ளிக் காதில் வைப்பார், கண்ணை மூடுவார், உதட்டைப் பிதுக்குவார். முன்னோர் சாபம் என்பார். பரிகாரம் ஒன்றுதான்: நிலத்தைக் கைகழுவ வேண்டும். சாபம் பிடித்த மண்ணை யார் வாங்குவார்? அதற்கென்றே மகானின் மைத்துனர் பக்கத்து அறையில் பத்திரங்களோடு உட்கார்ந்திருந்தார். சாபத்தையும் சேர்த்து வாங்கும் தியாகி! விலைதான் அடிமாட்டு விலை.

தக்காளி பயிரிடும் ஒருத்தியின் வீட்டுக்காரரும் மண்ணோடு போய், முகம் செத்துத் திரும்பினார். மறுநாள் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டும் வந்துவிட்டார்.

அவர்கள் நிலத்தில் பள்ளத்தில் இருந்த தக்காளிச் செடிகள் மஞ்சளானது உண்மைதான். ஆனால் அவள் மண்ணைப் புரட்டிப் பார்த்திருந்தாள். மேட்டில் பொலபொலவென உதிர்ந்தது; புழு நெளிந்தது. பள்ளத்திலோ களியாக ஒட்டி நாறியது. தண்ணீர் வடியவில்லை, அவ்வளவுதான் என்றாள். மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் நாத்தனாரும் சோதித்துவிட்டு, பள்ளத்தில் உப்பு ஏறியிருக்கிறது, முதலில் வடிகால் வெட்டுங்கள் என்றாள். ஒருத்தி மூக்கால் கண்டதை இன்னொருத்தி கருவியால் கண்டாள். சாபம் மட்டும் இருவர் கண்ணிலும் படவில்லை.

வீட்டுக்காரர் மசியவில்லை. "உங்க ரெண்டு பேர்கிட்டயும் மண்ணு பேசுமா?"

"பேசாது. அவர்கிட்டப் பேசுதான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மறுநாள் மூவரும் போனார்கள். வழியில் ஓரிடத்தில் தக்காளிக்காரி தன் வீட்டுக்காரரையே ஒரு பை மண் அள்ள வைத்தாள்.

நாத்தனார் அந்தப் பையைத் தன் நிலத்து மண் என்று நீட்டினாள். மகான் காதில் வைத்தார். கண்ணீரே வந்துவிட்டது. ஏழு தலைமுறைச் சாபமாம். அங்கே குடியிருப்பவன் வம்சம் தழைக்காதாம். இன்றே விற்க வேண்டுமாம். கூட்டம் உச்சுக்கொட்டியது.

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க சாமி," என்றாள் தக்காளிக்காரி.

"மண்ணு பொய் சொல்லாதும்மா."

"இது உங்க மடத்து ரோஜாப் பாத்தி மண்ணு. மடத்த எப்ப விக்கறீங்க?"

அள்ளியது நான்தான் என்று வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் சொன்னார். மைத்துனர் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தார். பத்திரம் கொடுத்தவர்கள் விடவில்லை.

மகான் தன் காதில் வைத்தது மண். ஊரார் காதில் வைத்தது பூ. அதை எடுத்து எறிந்துவிட்டு, மூளையைக் கொஞ்சம் வேலைக்கு அனுப்புங்கள், ஐயா!